குடியை விட்டவருக்கு எந்தக் கூட்டம்? – வாசகர் கேள்வி பதில்

குடியை நிறுத்திய பிறகு எந்தக் கூட்டத்துக்குப் போவது, போனால் அங்கே என்ன நடக்கும் என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பெரும்பாலான கடிதங்கள் ஏ.ஏ. எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களைப் பற்றியவை. 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியால் நொடித்துப்போன ஒரு பங்குச் சந்தைத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும் ஒருவருக்கொருவர் துணையாக இருந்து குடியை விட்டார்கள். அந்த வழிதான் இன்று நம் ஊர்களில் பள்ளிக்கூட அறைகளிலும் சர்ச் வளாகங்களிலும் மாலை நேரங்களில் தொடர்கிறது. எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்து குடியை நிறுத்தினேன். டாக்டர் சொன்னதால் ஒரு ஏ.ஏ. கூட்டத்துக்குப் போனேன். எல்லோரும் என் அப்பா வயசு. ஒருவரே முக்கால் மணி நேரம் பேசினார். மறுபடி போகத் தோன்றவில்லை. எனக்கு இது சரிப்படாதா?
– 34 வயது வாசகர், கோவை

ஒரு மாலையை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். ஏ.ஏ.வில் ஒவ்வொரு குரூப்பும் தன் நடைமுறையைத் தானே வைத்துக்கொள்கிறது. மேலிருந்து யாரும் கட்டளை போடுவதில்லை. அதனால் ஒரே ஊரில் ஞாயிறு காலைக் கூட்டமும் புதன் மாலைக் கூட்டமும் வேறு வேறு முகமாக இருக்கும். நீங்கள் போனது ஸ்பீக்கர் மீட்டிங்காக இருக்கலாம். அதில் ஒருவர் தன் கதையை நீளமாகச் சொல்வார், மற்றவர்கள் கேட்பார்கள். ஷேரிங் மீட்டிங்கில் ஆளுக்கு ஐந்து நிமிடம் போலப் பேசுவார்கள். ஸ்டெப் மீட்டிங்கில், குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்துள்ள 12 படிகளில் ஒன்றை எடுத்துப் படித்துப் பேசுவார்கள். புதிதாக வருபவருக்கு ஷேரிங் மீட்டிங்தான் பொருத்தம் என்பது எங்கள் கருத்து. ஒரே மணி நேரத்தில் எட்டுப் பத்துப் பேரைக் கேட்கலாம். அதில் ஒருவர் பேச்சாவது நம் வீட்டு நிலவரமாக இருக்கும்.

இரண்டு மூன்று வாரத்துக்குள் குறைந்தது ஆறு கூட்டம் போய்ப் பாருங்கள். மூன்று வேறு குரூப், ஒவ்வொன்றிலும் இரண்டு முறை. ஏ.ஏ. இந்தியாவின் இணையதளத்தில் ஊர்வாரியாகப் பட்டியல் இருக்கிறது. ஆனால் இடமும் நேரமும் மாறியிருக்கலாம், பள்ளித் தேர்வு நாட்களிலும் பண்டிகை நாட்களிலும் அறை கிடைக்காமல் போகலாம். போன் செய்து கேட்காமல் கிளம்பாதீர்கள். துணிந்து கிளம்பிய முதல் நாளே பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினால் அந்த மாலை ஆபத்தானது. மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவின் ஆலோசகர்களையும் கேளுங்கள். எந்த குரூப் ஒழுங்காக நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியவை தூரமும் நேரமும். வாரத்துக்கு மூன்று முறை அலுக்காமல் போய்வர முடிந்தால்தான் அது உங்களுக்கான கூட்டம். வழக்கமாக எந்த நேரத்தில் குடிப்பீர்களோ அந்த நேரத்தில் நடக்கும் கூட்டத்தை எடுங்கள். மாலை ஆறரை மணிக்குக் கால் கடைப் பக்கம் இழுக்கும் என்றால் ஆறரை மணிக்கு நீங்கள் அந்த அறையில் இருக்க வேண்டும். போகும் வழியில் டாஸ்மாக் இருந்தால் வேறு ரூட். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். பசி, கோபம், தனிமை, களைப்பு இந்த நான்கும் குடி நினைப்பைக் கிளப்பிவிடும் என்பதை எல்லா குரூப்பிலும் சொல்வார்கள். அதில் உடனே தீர்க்கக்கூடியது பசி ஒன்றுதான்.

உள்ளே போனதும் கவனியுங்கள். நேரத்துக்குத் தொடங்கி நேரத்துக்கு முடிக்கிறார்களா? ஒவ்வொருவரும் தன்னைப் பற்றி மட்டும் பேசுகிறார்களா, அடுத்தவருக்கு உபதேசம் செய்கிறார்களா? குடியை விட்டு மூன்று மாதம் ஆனவரும் பத்து வருடம் ஆனவரும் ஒரே அறையில் இருக்கிறார்களா? எல்லோரும் பழையவர்களாகவே இருந்தால் புதியவர்கள் அங்கே தங்குவதில்லை என்று பொருள். எல்லோரும் புதியவர்களாக இருந்தால் வழி காட்ட ஆள் இல்லை. புதிதாக வந்தவரிடம் யாராவது தாமாக வந்து பேசி, போன் நம்பர் கொடுத்தால் நல்ல அறிகுறி.

கால் மணி நேரம் முன்னதாகப் போய், டீ போடுபவரிடம் "நான் புதுசு" என்று சொல்லுங்கள். உங்கள் முறை வரும்போது "இன்னிக்கு கேக்க மட்டும் வந்திருக்கேன்" என்றால் போதும், யாரும் வற்புறுத்த மாட்டார்கள். முடிந்தவுடன் வண்டியை எடுத்துவிடாதீர்கள். கூட்டத்துக்குப் பிந்தைய பத்து நிமிடத்தில்தான் பழக்கம் உண்டாகிறது. இரண்டு மூன்று பேர் நம்பரை வாங்கி, அதில் ஒருவரை மறுநாளே கூப்பிடுங்கள். மதியம் 12 மணிக்குக் கடை திறப்பதற்கு முன்பே கூப்பிடுங்கள். சும்மா இருக்கும்போது பேசிப் பழகியவரைத்தான் நெருக்கடியில் கூப்பிட மனம் வரும்.

கிளம்பிவிட வேண்டிய குரூப்பும் உண்டு. கடன் கேட்பவர், சீட்டுப் பிடிப்பவர், தனக்குத் தெரிந்த மறுவாழ்வு மையத்துக்கு ஆள் சேர்ப்பவர், "டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்து" என்பவர் இப்படி யாராவது இருந்து, மற்றவர்கள் வாய்மூடி இருந்தால் அந்த இடம் வேண்டாம். மாத்திரை விஷயத்தில் ஏ.ஏ.வின் சொந்த வெளியீடே தெளிவாகச் சொல்கிறது: உறுப்பினர் யாரும் டாக்டர் வேலை பார்க்கக் கூடாது.

தினமும் இரண்டு குவார்ட்டர். காலையில் குடிக்காவிட்டால் கை நடுங்கும். நாளையிலிருந்து நிறுத்திவிட்டு நேராகக் கூட்டத்துக்குப் போய்விடலாம் என்று இருக்கிறேன்.
– வாசகர், சேலம்

முதலில் ஆஸ்பத்திரி, பிறகு கூட்டம். 42.8 சதவீத பிராந்தி 180 மில்லியில் சுமார் 60 கிராம் சாராயம் (ஆல்கஹால்) இருக்கிறது. நீங்கள் தினமும் 120 கிராம் எடுக்கிறீர்கள். மூளை அதற்கு எதிராகத் தன்னை முடுக்கி வைத்தே பழகியிருக்கிறது. திடீரென்று நிறுத்தினால் அந்த முடுக்கம் மட்டும் மிஞ்சுகிறது. கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து நடுக்கம், வியர்வை, வாந்தி. 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை ஆள் இடம் தெரியாமல் குழம்பி, இல்லாததைப் பார்த்துப் பேசும் நிலை வரலாம். அது உயிருக்கே ஆபத்து. காலையில் எழுந்ததும் நடுக்கத்துக்காகக் குடிப்பவர், முன்பு வலிப்பு வந்தவர், ஈரல் கெட்டவர் யாரும் வீட்டில் தனியாக நிறுத்தக் கூடாது.

மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள். எவ்வளவு, எத்தனை வருடமாக, கடைசியாக எத்தனை மணிக்கு என்பதைக் குறைக்காமல் சொல்லுங்கள். மருந்தின் அளவு அதை வைத்துத்தான் தீர்மானமாகும். நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மாத்திரையைச் சில நாட்களில் படிப்படியாகக் குறைப்பார்கள், பி1 வைட்டமின் ஊசி போடுவார்கள். இங்கே ஒரு எச்சரிக்கை: தெருமுனை கிளினிக்கில் "தெம்புக்கு குளுக்கோஸ்" ஏற்றிக்கொள்ளாதீர்கள். நாள்பட்டக் குடித்தவர் உடம்பில் பி1 வற்றியிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். ஏற்கெனவே நிறுத்தி, வலிப்போ குழப்பமோ வந்துவிட்டால் 108.

வீடு திரும்பிய வாரத்திலேயே முதல் கூட்டத்துக்குப் போய்விடுங்கள். உடம்பு தேறி, "இனி நானே பார்த்துக்கொள்வேன்" என்ற நினைப்பு வருவதற்குள் போவது நல்லது.

கணவர் எந்தக் கூட்டத்துக்கும் வர மறுக்கிறார். அவருக்குப் பதில் நான் போகலாமா? சாப்பாட்டில் தெரியாமல் கலக்கும் மருந்து இருக்கிறதாமே, அதைக் கொடுக்கலாமா?
– வாசகி, திண்டுக்கல்

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறோம், சகோதரி. கலக்கவே கலக்காதீர்கள். அப்படி விற்கப்படும் பொடியிலும் மாத்திரையிலும் டைசல்ஃபிராம் இருக்கக்கூடும். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, படபடத்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் சரியும். இதயம் பலவீனமானவருக்கு உயிரே போகலாம். நிறுத்திய பிறகும் 14 நாள் வரை அதன் வேலை இருக்கும். அது நல்ல மருந்துதான். ஆனால் ஈரல் பரிசோதனைக்குப் பிறகு, டாக்டர் எழுதிக் கொடுத்து, சாப்பிடுபவர் தெரிந்தே சம்மதித்துச் சாப்பிட வேண்டியது. அப்படிச் சாப்பிடுபவர்கள் இருமல் டானிக், அரிஷ்டம், ஆசவம் ஆகியவற்றையும் தவிர்க்க வேண்டும். அவற்றிலும் சாராயம் இருக்கிறது.

இனி முதல் கேள்வி. ஏ.ஏ.வில் க்ளோஸ்டு மீட்டிங் குடிப்பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும். ஓபன் மீட்டிங்குக்கு நீங்கள் தாராளமாகப் போகலாம், பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கலாம். யாராவது குடியை விட்டு ஒரு வருடம், இரண்டு வருடம் ஆனதைப் பிறந்தநாளாகக் கொண்டாடும் கூட்டங்கள் பெரும்பாலும் ஓபனாக இருக்கும். அங்கே மனைவியும் பிள்ளைகளும் எழுந்து பேசுவதுண்டு. வர மறுக்கும் கணவரை ஒரே ஒரு முறை அழைத்துப் போவதென்றால் அந்தக் கூட்டத்துக்கு அழைத்துப் போங்கள். குடித்திருக்கும்போது கேட்காதீர்கள். காலையில், தலை தெளிந்திருக்கும்போது, "எனக்காக ஒரு நாள் கூட வாங்க, பேசவேண்டாம், உக்காந்தா போதும்" என்று சொல்லிப் பாருங்கள்.

அவர் வந்தாலும் வராவிட்டாலும் உங்களுக்கென்று அல்-அனான் இருக்கிறது. குடிப்பவர்களின் குடும்பத்தினருக்கான தனி அமைப்பு அது. ஏ.ஏ.வைத் தொடங்கிய இருவரில் தரகரான பில்லின் மனைவி லோயிஸ் 1951-ல் ஏற்படுத்தியது. பதின்வயதுப் பிள்ளைகளுக்கு அலட்டீன் உண்டு. அவர் குடிப்பதற்கு நீங்கள் காரணம் இல்லை, அதை உங்களால் கட்டுப்படுத்த முடியாது, குணமாக்கவும் முடியாது என்பதை அங்கே முதலில் கேட்பீர்கள். நடைமுறையில் இதற்குப் பொருள்: "அவருக்கு ஜுரம்" என்று சூப்பர்வைசருக்கு நீங்கள் போன் செய்வதை நிறுத்துவது, கடைக் கடனை நீங்கள் அடைப்பதை நிறுத்துவது. இது கல்மனசு இல்லை, சகோதரி. குடியின் விளைவு அவர் கண்ணில் படாமல் மறைத்துக்கொண்டிருக்கும் திரையை எடுப்பது. அடி உதை இருந்தால் மட்டும் இந்த நிதானமெல்லாம் பிறகு, பெண்கள் உதவி எண் 181-ஐக் கூப்பிடுங்கள்.

"வண்டியில் வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவோம்" என்று சொல்லும் மையங்களை நம்பாதீர்கள். 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் குடியால் வரும் மனநலப் பாதிப்பையும் உள்ளடக்கியது. மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா, மனநல மருத்துவர் வருகிறாரா, வாரம் ஒருமுறையாவது நீங்கள் நேரில் பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். பார்க்க விடமாட்டோம் என்றால் சேர்க்காதீர்கள்.

ஐயப்பனுக்கு மாலை போட்டால் 48 நாள் சொட்டுக்கூடத் தொடமாட்டேன். கழற்றிய அன்றே பழையபடி. கட்டுப்பாடு இருக்கிறதே, எனக்கு எதற்குக் கூட்டம்?
– வாசகர், மதுரை

மாலை போட்டிருக்கும்போது உங்களைச் சுற்றி என்ன நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஊருக்கே தெரியும். குடி நண்பர்கள் கூப்பிடுவதில்லை. விடியும் முன் குளியல், மாலையில் பஜனை, சேர்ந்து சாப்பிட ஒரு கூட்டம், வழிநடத்த ஒரு குருசாமி. நீங்கள் தாங்கி நின்றது இத்தனையும் சேர்ந்துதான். அந்த ஏற்பாட்டில் ஒரே குறை, முடியும் தேதி முதல் நாளே தெரியும். ஏ.ஏ. தருவது அதே மாதிரி ஒரு துணை, தேதி இல்லாமல்.

அடுத்த முறை மாலை போட்ட மூன்றாவது வாரத்திலேயே ஒரு குரூப்புக்குப் போகத் தொடங்குங்கள். மலையிலிருந்து இறங்கும்போது தெரிந்த முகங்கள் இருக்கும். இன்னொன்று: 48 நாளில் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துவிடும். கழற்றிய அன்று பழைய அளவைக் குடிப்பது மிகவும் ஆபத்து. தினமும் குடிப்பவர் மாலை போட்டுத் திடீரென நிறுத்தும்போதும் சேலம் வாசகருக்குச் சொன்ன வலிப்பு அபாயம் உண்டு. மாலைக்கு முன்பே டாக்டரைப் பாருங்கள்.

பெரியார் கொள்கையில் வளர்ந்தவன். படிகளில் திரும்பத் திரும்பக் கடவுள் வருகிறார். பொய்யாகக் கைகூப்ப மனம் வரவில்லை.
– வாசகர், ஈரோடு

பொய்யாக எதையும் செய்யாதீர்கள். உறுப்பினராக ஒரே தகுதி, குடியை நிறுத்தும் விருப்பம். அது ஏ.ஏ. குரூப்புகள் பின்பற்றும் மரபுகள் எனப்படும் நெறிகளில் மூன்றாவது. முதல் படியில் கடவுள் இல்லை. குடியின் முன் நான் சக்தியற்றவன், என் வாழ்க்கை என் கைமீறிப் போயிற்று என்று ஒப்புக்கொள்வது மட்டும்தான். அடுத்த படிகளில் வரும் உயர்ந்த சக்தி என்பதை அந்த குரூப்பாகவே வைத்துக்கொண்டவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். பிரார்த்தனையின்போது சும்மா நிற்கலாம்.

நீங்கள் ஆதாரம் கேட்பவர் என்பதால் இதையும் சொல்கிறோம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளையும் 10,565 பேரையும் கணக்கில் எடுத்தது. ஆட்களை முறையாக ஏ.ஏ.வோடு இணைத்துவிடும் சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருக்கவைப்பதில் மற்ற உளவியல் சிகிச்சைகளைவிட மேலாக இருந்தது. அது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்த ஆய்வுகளில், பழகும் வட்டம் மாறுவது பெரிய காரணமாகத் தெரிகிறது. அந்தப் பலன் நாத்திகருக்கும் உண்டு.

அப்படியும் ஒட்டவில்லையா? ஸ்மார்ட் ரெக்கவரி என்ற அமைப்பு கடவுள் பேச்சே இல்லாமல், எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றும் உளவியல் பயிற்சிகளை வைத்துக் கூட்டம் நடத்துகிறது. இணையவழியில் சேரலாம், ஆங்கிலம் பழகியிருக்க வேண்டும். மருத்துவமனைகளில் ஆலோசகர் நடத்தும் குழுக்களும் மதச்சார்பற்றவைதான். சென்னையில் 1980-ல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களில் சிகிச்சைக்குப் பிந்தைய தொடர் ஆலோசனையும் உண்டு.

நான் பெண். குடிப்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆண்கள் நிறைந்த அறைக்குள் எப்படிப் போவது?
– வாசகி, சென்னை

போக வேண்டிய கட்டாயம் இல்லை. பெண்களுக்கான கூட்டங்கள் இணையவழியில் நிறைய நடக்கின்றன. உங்கள் நகரத்து ஏ.ஏ. உதவி எண்ணில் கூப்பிட்டு, "ஒரு பெண் உறுப்பினரோடு பேச வேண்டும்" என்று கேளுங்கள். நியாயமான கோரிக்கை, ஏற்பாடு செய்வார்கள். ஜூமில் சேரும் முன் திரையில் தெரியும் பெயரை மாற்றிவிடுங்கள். ஆபீஸ் மின்னஞ்சலில் சேர வேண்டாம். வாட்ஸப் குழுவில் சேர்ந்தால் உங்கள் நம்பர் எல்லோருக்கும் தெரியும் என்பதால், முதலில் ஒருவரோடு மட்டும் பழகிக்கொள்ளுங்கள்.

ஸ்பான்சர் எனப்படும் வழிகாட்டி பெண்ணாகவே இருக்கட்டும். குடியை விட்டு ஒரு வருடமாவது ஆனவராகப் பாருங்கள். நேர்க்கூட்டத்துக்குப் போகும்போது அந்தப் பெண்ணோடு சேர்ந்து போங்கள். புதிதாக வந்த பெண்ணிடம் கூட்டம் முடிந்த பின் தனியாகக் காபி, வீட்டில் இறக்கிவிடுகிறேன் என்று வரும் ஆணிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள், காரணம் சொல்லத் தேவையில்லை. கர்ப்பமாக இருந்தாலோ அதற்குத் திட்டமிட்டாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள்.

அரசு ஊழியன். பெயர் வெளியே போகுமா? கட்டணம் எவ்வளவு?
– வாசகர், திருச்சி

வருகைப் பதிவேடு கிடையாது, முழுப்பெயர் கேட்பதில்லை. தெரிந்தவரைப் பார்க்க நேர்ந்தால் அவரும் அதே காரணத்துக்காகத்தான் வந்திருக்கிறார். கட்டணம் இல்லை. கடைசியில் சுற்றிவரும் பையில் விரும்பினால் பத்தோ இருபதோ போடலாம், புதியவர் போடாமல் விட்டாலும் தவறில்லை. ஏ.ஏ. வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை. ஏ.ஏ. பெயரைச் சொல்லிச் சேர்க்கைத் தொகை கேட்டால் அது ஏ.ஏ. இல்லை. அலுவலகத்துக்குச் சிகிச்சைச் சான்று வேண்டுமென்றால் ஆஸ்பத்திரியில் வாங்குங்கள்.

ஏழு மாதம் குடிக்கவில்லை. தங்கை கல்யாணத்தில் தொட்டுவிட்டேன். குரூப்பில் முகத்தைக் காட்ட வெட்கமாக இருக்கிறது.
– வாசகர், தஞ்சாவூர்

இன்று மாலையே போங்கள். ஸ்லிப் ஆகித் திரும்பி வந்தவர் அந்த அறையில் கட்டாயம் இருப்பார், உங்களை முதலில் வரவேற்பவரே அவராக இருக்கலாம். இப்போது மூச்சில் வாடை இருந்தாலும் போகலாம். அமைதியாக உட்கார்ந்து கேளுங்கள், பேசுவதை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தொட்டது ஒருநாளோடு நிற்காமல் நாட்கணக்கில் ஓடியிருந்தால் முதலில் டாக்டர்.

பிறகு, குடித்த நாளுக்கு முந்தைய மூன்று வாரத்தை ஸ்பான்சரோடு உட்கார்ந்து பாருங்கள். பெரும்பாலும் கூட்டத்துக்குப் போவது அதற்கு முன்பே குறைந்திருக்கும்: கல்யாண வேலை, அலைச்சல், தூக்கமின்மை. அடுத்த விசேஷத்துக்கு முன்பே திட்டம் வேண்டும். முகூர்த்தத்துக்குப் போய்ச் சாப்பிட்டுத் திரும்பிவிடுங்கள், முந்தைய இரவு மண்டபத்தில் தங்காதீர்கள், திரும்பும் வண்டி உங்கள் கையில் இருக்கட்டும், மாலையில் ஒரு போன் உறுதியாக. ஸ்பான்சர் உங்களுக்கு ஒத்துவரவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம், மனத்தாங்கல் தேவையில்லை.

"90 நாளில் 90 கூட்டம்" என்று சொல்வார்கள். அது விதி இல்லை, வழக்கம். வாரத்துக்கு இரண்டே கூட்டம் நடக்கும் ஊரில் மீதி நாட்களை இணையக் கூட்டத்தால் நிரப்புங்கள்.

எங்கள் ஊரில் குரூப்பே இல்லை. பக்கத்து டவுனுக்கு 40 கிலோமீட்டர், கடைசி பஸ் எட்டரைக்கு.
– வாசகர், விருதுநகர் மாவட்டம்

ஞாயிறு பகலில் டவுன் கூட்டம், மற்ற நாட்களில் இணையம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவில் தாங்க முடியாமல் போனால் போதை மீட்பு உதவி எண் 14446, மனநல உதவி எண் 14416 இரண்டும் இலவசம்.

நீங்கள் ஒரு வருடம் தெளிவாக இருந்துவிட்டால் ஊரிலேயே தொடங்கலாம். குடியை நிறுத்த விரும்பும் இரண்டு மூன்று பேர் அதற்காகவே கூடினால் அதுவே ஒரு குரூப். கிழமையையும் நேரத்தையும் ஒருமுறை வைத்துவிட்டு மாற்றாதீர்கள். அறைக்குச் சிறிதாவது வாடகை கொடுங்கள். இலவசமாகக் கொடுத்தவர் பிறகு பேனர் கட்டச் சொல்வார். ஒரு மணி நேரத்தில் தொடக்க வாசிப்புக்கும் நூல் வாசிப்புக்கும் கால் மணி, ஷேரிங்குக்கு 40 நிமிடம், முடிக்க ஐந்து நிமிடம். தமிழ் நூல்களை மும்பையில் உள்ள ஏ.ஏ. பொதுச் சேவை அலுவலகம் வழியாக வாங்கலாம். சாவி, கணக்கு, தலைமை மூன்றும் ஒருவரிடமே இருந்தால் அவர் ஊருக்குப் போகும் வாரத்தில் குரூப் நின்றுவிடும், பிரித்துக் கொடுங்கள். ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடமும் மாவட்ட மருத்துவமனை ஆலோசகரிடமும் நேரத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, ஏ.ஏ. பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். தொடர்பு எண் மாறினால் அன்றே தெரிவித்துவிடுங்கள்.